குதிரை மாற்றும் ஊர்: கொர்கொன்சோலாவில் ஐந்து நாள்

முதல் நாள், புதன் இரவு

வந்த அன்றே தவறான ரயிலில் ஏறினேன். மிலான் மெட்ரோவின் பச்சைத் தடம் கஷினா கோப்பா என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை வடக்கே கொலோஞோவுக்கும் இன்னொன்று கிழக்கே ஜெஸ்ஸாத்தேக்கும் போகின்றன. நடைமேடைப் பலகையில் அதைத் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறார்கள். படிக்காமல் ஏறியது நான். கொலோஞோவில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு எதிர்த்த நடைமேடைக்குப் போய், மறுபடி கஷினா கோப்பாவுக்கு வந்து காத்திருந்தேன்.

காத்திருந்த நேரத்தில் தடத்தின் வரைபடத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கஷினா என்றால் பண்ணை வீடு. நடுவில் முற்றம், நாற்புறமும் குடியிருப்பும் தொழுவமும் வைக்கோல் பரணுமாக இந்த வட இத்தாலியச் சமவெளி முழுக்க அப்படித்தான் கட்டிவந்தார்கள். கஷினா கோப்பா என்றால் கூனியின் பண்ணை. அடுத்து கஷினா பூர்ரோனா. அதற்கும் அப்பால் கஸ்ஸினா தே பெக்கி, அதாவது பெக்கி குடும்பத்தாரின் பண்ணை. கொர்கொன்சோலா தாண்டினால் அந்தோனியேத்தா பண்ணை. மாடும் உழவும் போய், அடுக்குமாடிகள் வந்து, ஒலிபெருக்கி அழைக்கும் பெயர்களில் மட்டும் பண்ணைகள் மிச்சமிருக்கின்றன.

அலுவலக வேலை மிலானில். அங்கே ஏதோ வணிகக் கண்காட்சி நடப்பதால் விடுதி வாடகை தலையைச் சுற்றவைத்தது. இருபது கிலோமீட்டருக்குள், மெட்ரோவிலேயே போகக்கூடிய ஊர் என்று தேடியபோது பட்டியலில் கொர்கொன்சோலா என்ற பெயரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். பச்சை நரம்போடிய ஒரு பாலாடைக்கட்டிக்கும் அதே பெயர்தான். பாலாடைக்கட்டிக்குள் குடியிருக்கப் போகிறோமா என்று தோன்றியது. உடனே பதிவு செய்தேன்.

ஏழு மணி வாக்கில் கொர்கொன்சோலாவில் இறங்கினேன். என்னோடு ஒரு கூட்டமே இறங்கியது. யாரும் யாரோடும் பேசவில்லை. கதவு திறந்த கணமே எல்லோருக்கும் நடை வேகம் கூடியது. சைக்கிள் நிறுத்தத்தில் பூட்டுகள் திறக்கும் சத்தம் வரிசையாகக் கேட்டது. ஐந்தே நிமிடத்தில் நிலைய வாசலில் நானும் என் பெட்டியும் மட்டும் நின்றுகொண்டிருந்தோம்.

வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயது இருக்கலாம். என் தாமதத்துக்குக் காரணம் கேட்காமலே, "கொலோஞோவுக்குப் போய்விட்டீர்களா?" என்றார். எல்லா விருந்தினரும் ஒருமுறை போவார்களாம்.

இரண்டாம் நாள், வியாழன்

அலுவலகச் சந்திப்பு பிற்பகலுக்குத் தள்ளிப்போனதால் காலை முழுக்க ஊர் எனக்கே கிடைத்தது. எனக்கே என்று சொல்வதில் மிகை இல்லை. ஏழரைக்குக் காபிக்கடையில் நிற்க இடமில்லை. எல்லோரும் நின்றபடி மூன்று வாயில் காபியை முடித்துவிட்டுக் கிளம்பினார்கள். ஒன்பது மணிக்கு அதே கடையில் இரண்டு முதியவர்களும் ஒரு செய்தித்தாளும் மட்டும் இருந்தார்கள்.

தினமும் வேலைக்கு வெளியூர் போய்த் திரும்புகிறவரை இத்தாலியர்கள் 'பெந்தொலாரே' என்கிறார்கள். கடிகார ஊசல் என்ற சொல்லிலிருந்து வந்தது. காலையில் அந்தப் பக்கம், மாலையில் இந்தப் பக்கம். இப்படிப்பட்ட ஊர்களுக்கு 'படுக்கையறை ஊர்' என்று ஒரு பெயரும் உண்டு. அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மிலான்காரர்கள்.

ஊருக்கு நடுவே கால்வாய் ஓடுகிறது. பெயர் மர்தேசானா. மிலானை ஆண்ட பிரான்செஸ்கோ ஸ்போர்ஸா 1457இல் உத்தரவிட, பெர்தோலா தா நொவாத்தே என்ற பொறியாளர் வெட்டிய கால்வாய். கிழக்கே திரெஸ்ஸோ அருகில் அத்தா ஆற்றிலிருந்து நீரைப் பிரித்து, சுமார் 38 கிலோமீட்டர் கொண்டுபோய் மிலானில் சேர்க்கிறது. வயலுக்குப் பாசனம், ஆலைக்கு விசை, படகுக்கு வழி என்று மூன்று வேலை பார்த்தது. 1958இல் நீர்வழிப் பட்டியலிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். படகு இழுத்த குதிரைகள் நடந்த கரையில் இப்போது சைக்கிள் பாதை இருக்கிறது.

ஓரிடத்தில் கால்வாய்க்கு மேல் ஓடு வேய்ந்த மரப்பாலம் ஒன்று நிற்கிறது. பாலத்துக்குக் கூரை எதற்கு என்று முதலில் புரியவில்லை. மழை பிடித்ததும் புரிந்தது. அதற்கு எதிரே ஒதுங்கி நின்று அரை மணி நேரம் தண்ணீரைப் பார்த்தேன். பச்சை கலந்த பழுப்பு நிறம். அடியில் நீர்ப்பாசி, பெண்கள் தலைமயிரை ஒருபக்கமாகச் சீவி வைத்ததுபோல மேற்கு நோக்கிப் படுத்திருந்தது. ஒரு பிளாஸ்டிக் பந்து மிதந்து வந்தது. வாத்து ஒன்று அதைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு வழிவிட்டது. பந்து மிலான் பக்கம் போனது. இந்த ஊரில் தண்ணீர்கூட மிலானுக்குத்தான் போகிறது.

மூன்றாம் நாள், வெள்ளி

நாள் முழுக்க மிலானில் வேலை. போகும்போதும் வரும்போதும் நின்றுகொண்டே பயணம். எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை என்பதால் தடத்தின் கதையை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

இந்த வழியில் முதலில் ஓடியது நீராவி டிராம். 1878இல் மிலானிலிருந்து கொர்கொன்சோலா வழியாக வாப்ரியோ வரை போட்டார்கள். மிலானைச் சுற்றி ஓடிய நீராவி டிராம்களை ஊரார் 'மரக்கால்' என்று கேலி செய்தார்கள். பாதிப் பாசம், பாதி எரிச்சல். இதன் வாரிசாக, 1972இல் மெட்ரோ கொர்கொன்சோலாவைத் தொட்டது. பதின்மூன்று ஆண்டு இதுவே கடைசி நிலையம். 1985இல்தான் ஜெஸ்ஸாத்தே வரை நீட்டினார்கள். கடைசி நிலையமாக இருந்தவரை காலையில் உட்கார இடம் கிடைத்ததாம். வீட்டுக்காரம்மாவுக்கு ஜெஸ்ஸாத்தேக்காரர்கள்மேல் அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

நான்காம் நாள், சனி

சரி, பாலாடைக்கட்டி.

காலையில் குளித்துவிட்டு ஒரு யாத்திரிகனின் மனநிலையில் கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பாதியாக வெட்டிய வட்டு ஒன்று, தந்த நிறத்தில், குறுக்கே நீலப்பச்சை நரம்போடு சாய்ந்திருந்தது. சுற்றியிருந்த வெள்ளித்தாளில் 'ஜி' என்ற எழுத்து முத்திரை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இந்த ஊரில் செய்ததுதானே?" என்று கேட்டேன்.

கடைக்காரர் கத்தியைத் துடைத்தபடி, "நொவாராவிலிருந்து வருகிறது" என்றார்.

நொவாரா இங்கிருந்து மேற்கே, மிலானையும் தாண்டி, அடுத்த மாநிலமான பியெமோந்தேயில் இருக்கிறது. கொர்கொன்சோலா என்ற பெயரில் விற்க, லொம்பார்தியாவிலும் பியெமோந்தேயிலும் குறிப்பிட்ட மாவட்டங்களில் செய்திருந்தால் போதும். அதில் பெரும்பகுதி நொவாரா மாவட்டத்திலிருந்துதான் வருகிறது. 1970இல் தொடங்கிய உற்பத்தியாளர் கூட்டமைப்பின் தலைமையகமும் அங்கேதான். 1996இல் ஐரோப்பா இந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தபோது காப்பாற்றப்பட்டது பாலாடைக்கட்டி. ஊர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. பேர் பெத்த பேர், தாகத்துக்கு நீர்மோர் இல்லை என்பார்களே, அதைப் பால் சம்பந்தப்பட்ட ஊரிலேயே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

என் முகம் வாடியதைக் கண்டு இரக்கப்பட்டாரோ என்னவோ, கடைக்காரர் கூட்டம் குறைந்ததும் கதையைச் சொன்னார். வேனில் முழுக்க மலைமேய்ச்சலில் இருந்த மாடுகளை இலையுதிர்காலத்தில் சமவெளிக்கு ஓட்டி வருவார்கள். வழியில் ஓய்வுக்கு நிறுத்துமிடங்களில் இதுவும் ஒன்று. நடந்து களைத்த மாட்டின் பாலில் செய்ததை 'ஸ்திராக்கீனோ' என்றார்கள். மிலான் பேச்சுவழக்கில் 'ஸ்திராக்' என்றால் களைப்பு. 'கொர்கொன்சோலாவின் பச்சை ஸ்திராக்கீனோ' என்று வழங்கியது காலப்போக்கில் தேய்ந்து, ஊரின் பெயரே பண்டத்தின் பெயராகிவிட்டது.

பச்சை எப்படி வந்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு. காதலியைப் பார்க்கும் அவசரத்தில் ஒரு வேலையாள் மாலைத் தயிர்க்கட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினானாம். மறுநாள் தவற்றை மறைக்க, ஆறிப்போன அதன்மேல் காலையின் சூடான கட்டியைச் சேர்த்தானாம். கி.பி. 879 என்று ஆண்டுகூடச் சொல்கிறார்கள். மலையடிவாரத்தில் வல்ஸாஸ்ஸீனா பள்ளத்தாக்கிலுள்ள பஸ்தூரோவும் இந்தப் பிறப்புரிமையைக் கேட்கிறது. காதல் கதையை நான் நம்பவில்லை. ஆனால் அதற்குள் உண்மையான தொழில்நுட்பம் ஒளிந்திருக்கிறது. பழைய முறையில் மாலைக் கட்டியையும் காலைக் கட்டியையும் அடுக்கித்தான் செய்தார்கள். ஆறியதும் சூடானதும் முழுக்க ஒட்டாது. இடையில் சந்து விழும். அந்தச் சந்தில் காற்று புகும், காற்றோடு பூஞ்சணம் புகும். இன்று ஒரே கட்டிதான். பாலிலேயே பெனிசிலியம் என்ற பூஞ்சணத்தின் வித்துகளைக் கலந்துவிட்டு, சில வாரம் கழித்து நீண்ட ஊசிகளால் வட்டைக் குத்துகிறார்கள். துளை வழியே காற்று போகும் இடத்தில் பச்சை படர்கிறது. வெட்டிய முகத்தில் நரம்புகள் நேர்கோடாக இறங்கியிருப்பதைக் காட்டி, "ஊசி போன தடம்" என்றார். அதற்குமுன் அதை நான் கவனித்ததே இல்லை. இப்படிப் பச்சை ஓடிய பாலாடைக்கட்டிக்குப் பொதுப்பெயர் 'எர்போரினாத்தோ'. 'எர்போரின்' என்றால் மிலான்காரர் வாயில் பார்ஸ்லி கீரை. நறுக்கிய கீரையைத் தூவியதுபோல் இருக்கிறது என்று யாரோ ஒரு சமையல்காரிக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இனிப்பு வகை குறைந்தது 50 நாள் பழுக்க வேண்டும், காரவகை 80 நாள். இனிப்பு என்றால் சர்க்கரை இல்லை, காரம் என்றால் மிளகாயும் இல்லை. முதலாவது வெண்ணெய்போல் சரிகிறது. இரண்டாவது உதிர்ந்து நாக்கின் ஓரத்தைக் கிள்ளுகிறது. இரண்டிலும் கால் கிலோ வாங்கினேன். "பேரிக்காய் வாங்கினீர்களா?" என்று கடைக்காரர் கேட்டார். பாலாடைக்கட்டியோடு பேரிக்காய் எவ்வளவு ருசி என்பதைக் குடியானவனுக்குச் சொல்லிவிடாதே என்று இத்தாலியில் ஒரு பழமொழி இருக்கிறது. யார் யாருக்குச் சொன்ன பழமொழி என்று யோசித்தால் கோபம் வருகிறது. பேரிக்காய் வாங்கினேன். சொல்லாமல் மறைக்க வேண்டிய ருசிதான்.

மணம் பற்றி நாகரிகமாக ஒரு வார்த்தை: அறைக் குளிர்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ஈரச் சாக்கும் பழைய நிலவறையும் நினைவுக்கு வருகின்றன. வீட்டுக்காரம்மா இளம்வயதில் மிலானில் வேலைக்குச் சேர்ந்தபோது எந்த ஊர் என்று கேட்டவர்களெல்லாம் பதிலைக் கேட்டு மூக்கைப் பிடித்துக் காட்டுவார்களாம். "நான்கு வருடம் சிரித்தேன். ஐந்தாம் வருடத்திலிருந்து மிலான் என்றே சொல்ல ஆரம்பித்தேன்" என்றார்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

ஊருக்குப் பொருந்தாத அளவில் ஒரு தேவாலயம் இருக்கிறது. புனிதர்கள் ஜெர்வாஸோ, புரொத்தாஸோ ஆலயம். உள்ளே நுழைந்ததும் இருபதாயிரம் பேர் கொண்ட ஊருக்கு இத்தனை தூண்கள் எதற்கு என்றுதான் கேட்கத் தோன்றும். அன்று ஊர் இன்னும் சிறிது. காரணம் ஒரு டியூக்.

செர்பெல்லோனி குடும்பம் இங்கே நிலக்கிழார்கள். அவர்களில் ஜான் கலேயாஸ்ஸோ செர்பெல்லோனி, 1796இல் மிலானுக்குள் வந்த நெப்போலியனைத் தன் அரண்மனையிலேயே தங்கவைத்தவர்; அவர் அமைத்த குடியரசின் ஆட்சிக்குழுவிலும் இடம்பெற்றவர். 1802இல் இறந்தபோது ஆலயத்துக்குப் பணம் விட்டுச்சென்றார். மிலானில் அவர் அரண்மனையைக் கட்டிய சிமோனே கந்தோனியே 1806இல் இதையும் தொடங்கினார். 1820இல் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. கந்தோனி அதைப் பார்க்கவில்லை. இரண்டு ஆண்டு முன்னரே, 1818இல், இதே ஊரில் இறந்துபோனார். சுவிஸ் மலைக்கிராமத்தில் பிறந்தவர். கட்டட வேலைக்கு வந்தவர் கடைசியில் இங்கேயே இருந்துவிட்டார். இந்த ஊரைக் கடந்து போகாதவர்கள் பட்டியலில் நான் கண்ட முதல் பெயர் அவருடையது.

இதே குடும்பத்தைப் பற்றி எனக்கு அதிகம் பிடித்தது ஓர் அறை. ஜுஸெப்பே பரீனி என்ற ஏழைப் பாதிரியார் 1754 முதல் செர்பெல்லோனி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தார். 1762 இலையுதிர்காலத்தில் குடும்பம் ஓய்வுக்குக் கொர்கொன்சோலா மாளிகைக்கு வந்திருந்தது. இசையமைப்பாளர் ஸம்மார்த்தீனியின் மகளும் உடன் வந்திருந்தாள். அவள் மிலானுக்குத் திரும்பவேண்டும் என்று சொல்ல, சீமாட்டி அவளைக் கன்னத்தில் அறைந்துவிட்டாள். பரீனி அந்தப் பெண்ணின் பக்கம் நின்றார். வேலை போயிற்று.

அடுத்த ஆண்டே, 1763இல், நீண்ட அங்கதக் கவிதையின் முதல் பாகம் அவரிடமிருந்து வெளிவந்தது. ஒரு சோம்பேறிப் பிரபுவுக்கு, எழுந்தது முதல் நாளை எப்படிக் கழிப்பது என்று ஆசிரியர் பணிவாகப் பாடம் நடத்துகிற தோரணை. அடுத்த பாகத்தில் ஒரு காட்சி வரும்: சீமாட்டியின் செல்ல நாய் வேலைக்காரனைக் கடிக்கிறது. அவன் அதை உதைக்கிறான். பல ஆண்டு உழைத்தவனை அதற்காகத் தெருவில் தள்ளுகிறார்கள். இத்தாலியப் பள்ளிகளில் இன்றும் படிக்கிற பகுதி இது. அதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கன்னத்தின் நினைவு வரும்? மாளிகைப் பக்கம் இரண்டுமுறை நடந்தேன். எந்த அறையில் விழுந்த அறை என்று சுவரைப் பார்த்துத் தெரியாதுதான். இருந்தாலும் பார்த்தேன்.

இத்தாலியர்களுக்கு இந்த ஊர் பாலாடைக்கட்டிக்கு அடுத்தபடியாகப் பள்ளிப் புத்தகத்திலிருந்துதான் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர் மன்ஸோனியின் நாவலில், 1628இன் ரொட்டிக் கலவரத்துக்குப் பிறகு மிலானிலிருந்து தப்பி ஓடுகிற ரென்ஸோ என்ற பட்டுநூற்புத் தொழிலாளி, இருட்டும் நேரத்தில் கொர்கொன்சோலா சத்திரத்துக்கு வந்துசேர்கிறான். முன்னதாக வழியில் ஒரு கிழவியின் கடையில் அவன் சாப்பிட்டது ஸ்திராக்கீனோ. முந்தின இரவு குடித்து மாட்டிக்கொண்டதால் அங்கே திராட்சைமதுவைத் தொடவில்லை. சத்திரத்தில் அவன் கதவருகே மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்க, மிலானிலிருந்து வந்த வணிகன் கலவரக் கதையை அளக்கிறான். தப்பிய சதிகாரன் ஒருவனைத் தேடுகிறார்கள் என்கிறான். அந்தச் சதிகாரன் தானேதான் என்று ரென்ஸோவுக்குப் புரிகிறது. வாயில் போட்டது இறங்கவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, வெனிஸ் ஆட்சிக்குட்பட்ட அக்கரையை அடைய, இரவோடு இரவாக அத்தாவைத் தேடிக் கிழக்கே நடக்கிறான்.

வந்தவனெல்லாம் ஏன் இங்கே நிற்கிறான், நின்றவன் ஏன் உடனே கிளம்புகிறான் என்ற என் கேள்விக்கு மிகப் பழைய விடை ஒன்று உண்டு. கி.பி. 333இல் பிரான்ஸின் பொர்தோவிலிருந்து எருசலேமுக்குப் போன பெயர் தெரியாத யாத்திரிகர் ஒருவர் வழியெல்லாம் தூரக்கணக்கு எழுதிவைத்தார். மிலானைத் தாண்டிப் பத்து மைலில் அர்ஜென்தியா. வகை: குதிரை மாற்றும் இடம். அதற்கப்பால் பத்து மைலில் ஒரு பாலம், இன்னும் பதின்மூன்று மைலில் பெர்கமோ. நகரத்தை நகரம் என்றும் தங்குமிடத்தைத் தங்குமிடம் என்றும் பிரித்து எழுதிய மனிதர், இதைக் குதிரை மாற்றும் இடம் என்று மட்டும் குறித்துவிட்டுப் போய்விட்டார். அர்ஜென்தியா இந்த வட்டாரத்தில்தான் இருந்தது என்கிறார்கள். ஊர்க்காரர்கள் அந்தப் பெயரை விடவில்லை. திரையரங்குக்கு அதுதான் பெயர். 1909இல் தொடங்கிய கால்பந்துக் கழகத்துக்கும் முதலில் அதே பெயர்தான். பிறகு முதல் உலகப் போரில் இறந்த உள்ளூர் இளைஞன் எர்மீனியோ ஜானாவின் பெயரைச் சூட்டினார்கள். அந்தக் கழகம் 2014இல் தேசிய அளவில் மூன்றாம் பிரிவுவரை ஏறியது. மிலானில் இரண்டு உலகப் புகழ் அணிகள் இருக்க, அரை மணி நேரத் தொலைவில் இதையும் பிடிவாதமாக நடத்துகிறார்கள். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

மாலையில் ரென்ஸோ போன திசையில் கொஞ்ச தூரம் நடந்தேன். அவனுக்கு இரவு வயல்கள், பயம், தூரத்தில் ஆற்றின் சத்தம். எனக்கு மக்காச்சோளத் தாள் அறுத்த வயல், கிடங்குகள், லாரிகள். மூடுபனி முழங்கால் உயரத்துக்கு எழும்பியிருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஆறு கேட்கவில்லை. ஜெஸ்ஸாத்தே ரயில் கேட்டது. திரும்பிவிட்டேன்.

திங்கள், கிளம்பும் முன்

நேற்றிரவே வீட்டுக்காரம்மாவிடம் விடைபெறலாம் என்று கதவைத் தட்டினேன். மீதியிருந்த பாலாடைக்கட்டியையும் அவரிடம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்து, "காரவகையா? நல்லது" என்று வாங்கிக்கொண்டார். காலையில் எத்தனை மணிக்குச் சாவியைத் தரலாம் என்று கேட்டேன்.

"அஞ்சல் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். நான் இருக்க மாட்டேன். பேரனைப் பள்ளிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆறு இருபது ரயிலில் மிலான் போய்விடுவேன்."

ஏழு மணிக்குப் பெட்டியோடு இறங்கினேன். அவர் வீட்டு ஜன்னல்கள் சாத்தியிருந்தன. சாவியைப் போட்டேன். தகரத்தில் விழுந்த சத்தம் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. நிலையத்துக்குப் போகும் தெருவில் எல்லோரும் வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள்.